சீனாவின் கவுண்டி நூலகங்கள் தேய்வது ஏன்? (விவாத இழை)

செழியன்:
எல்லோரும் கைப்பேசியைக் குற்றம் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் புத்தகம் வாங்கும் முறைதான் கோளாறு. 2011இல் பொது நூலகங்களைக் கட்டணமில்லாமல் திறக்கச் சொன்னபோது, கவுண்டி (மாகாணத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு) நூலகம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் யுவான் என்று மானியக் கணக்கு வைத்தார்கள். நூல் ஒன்று 40 யுவான் என்றால் மொத்தப் பணத்துக்கும் 5,000 நூல்தான். மின்சாரம், துப்புரவு, வடக்கே குளிர்காலச் சூடேற்றம் எல்லாம் போக என்ன மிஞ்சும்? மிஞ்சியதும் டெண்டருக்குப் போகிறது. விலையில் அதிகக் கழிவு தருபவருக்கே ஆர்டர். நன்றாக விற்கிற புது நூலுக்கு எந்தப் பதிப்பகம் பெரிய கழிவு தரும்? கிடங்கில் தேங்கியதுதான் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகிறது.

மாலதி ரா.:
தேய்வு என்ற சொல்லையே நான் ஏற்கவில்லை, செழியன். 2020இல் வேலை போய் ஊர் திரும்பவிருந்த ஒரு காலணித் தொழிலாளி, தொங்குவான் நூலகத்தில் எழுதி வைத்த விடைபெறும் குறிப்பை நாடே படித்தது. ஹாங்சோ நூலகம் வீடற்றவர்களையும் உள்ளே விடுகிறது. கை கழுவிவிட்டு நூலைத் தொடுங்கள் என்று மட்டும் கேட்கிறது. நூலகம் இவர்களுக்குப் பயன்படவில்லையா?

செழியன்:
பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் காசுள்ள பெருநகரங்கள். நான் கேட்பது சிறிய ஊர். அங்கே நாற்காலிகளை நிரப்புபவர்களில் பெரும்பாலோர் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். சொந்தப் புத்தகத்தோடு வந்து, இடம் பிடித்து, மாலையில் போய்விடுவார்கள். வாசல் கருவி அவர்களையும் 'வருகை' என்றே எண்ணும். தரமதிப்பீட்டில் அந்த எண் நன்றாகத்தான் தெரியும். அலமாரி அசையவில்லை என்பதை இரவல் பதிவில்தான் பார்க்க முடியும்.

கடலோடி:
கிராமத்தை விட்டுவிட்டீர்களே. 2007இல் தொடங்கிய 'விவசாயி வாசகசாலை' திட்டம் 2012க்குள் 6 லட்சம் கிராமங்களைத் தொட்டது. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 1,500 நூல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நூல் மேலிருந்து வரும் பட்டியலின்படி வந்தது. அறை கிராமக் குழு அலுவலகத்தில். சாவி ஓர் ஊழியரிடம். வயலிலிருந்து ஆள் திரும்பும் நேரத்தில் பூட்டியிருக்கும். இன்னொன்று: இந்தத் திட்டம் பதிப்புத் துறையின் கையில், நூலகம் பண்பாட்டுத் துறையின் கையில். இரண்டின் நூல் அட்டவணைகளும் பல இடங்களில் சேரவில்லை. கிராமத்தில் இருக்கும் நூல் கவுண்டி நூலகத் தேடலில் வராது. பழைய நூலைக் கழித்துக்கட்டுவதும் பெரும்பாடு. நூல் அரசுச் சொத்தாகப் பதிவாகிறது. நீக்க வேண்டுமென்றால் பட்டியல் போட்டு மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குப் பயந்து பழைய கணினிக் கையேட்டைக்கூட அலமாரியிலேயே விட்டுவைக்கிறார்கள். நல்ல நூல் நாலு இருந்தாலும் அதற்குள் புதைந்துபோகும்.

மாலதி ரா.:
கடலோடி சொல்வது சரி, ஆனால் அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறதே. 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொது நூலகச் சட்டம், கவுண்டி நூலகத்தைத் தலைமையாகவும் ஊர், கிராம அறைகளைக் கிளைகளாகவும் அமைக்கச் சொல்கிறது. ஒரே அட்டவணை, ஒரே அட்டை, எங்கே எடுத்தாலும் எங்கேயும் திருப்பலாம். கொள்முதலுக்கு உள்மங்கோலிய நூலகம் வழி காட்டியது: வாசகர் புத்தகக் கடையில் நூலைத் தேர்ந்தெடுப்பார், நூலகம் பணம் கட்டும், படித்து முடித்ததும் நூல் நூலகத்துக்கு வந்துவிடும்.

செழியன்:
அந்த முறை எனக்கும் பிடிக்கும். ஆனால் வரம்பு வைக்காமல் தொடங்கினால் தேர்வு வழிகாட்டியும் குழந்தைப் படக்கதையும் சில வாரங்களில் நிதியைக் காலி செய்துவிடும். ஒரு தலைப்புக்கு எத்தனை படி, ஒரு நூலுக்கு எவ்வளவு விலை, ஓர் அட்டைக்கு மாதம் எத்தனை என்று முன்பே நிர்ணயிக்க வேண்டும். நூலகத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கடையின் கணினியே பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் போதாது. சிறிய கவுண்டியில் பெரும்பாலும் ஷின்ஹுவா என்ற அரசுப் புத்தகக் கடைதான். அதன் பிழைப்பே பள்ளிப் பாடநூலும் பயிற்சி நூலும். தேர்ந்தெடுக்க அங்கே என்ன இருக்கிறது?

கடலோடி:
அப்படியானால் கடைக்குப் பதில் வேண்டுகோள் படிவம். வாசகர் கேட்டதை மாதம் ஒருமுறை தொகுத்து, டெண்டருக்கு வெளியே வாங்க ஒரு தனித் தொகை ஒதுக்க வேண்டும். கழிவு குறைந்தால் குறையட்டும். யாரும் எடுக்காத பத்து நூலைவிட, கேட்டு வாங்கிப் படிக்கும் மூன்று நூல் மேல்.

மாலதி ரா.:
தணிக்கையில் 'ஏன் அதிக விலைக்கு வாங்கினாய்' என்று கேட்டால் பதில் சொல்லப்போவது அந்த நூலகர்தான். மாகாணமே எழுத்தில் அனுமதி கொடுக்காமல் எந்தக் கவுண்டியும் இதில் கை வைக்காது.