காந்தி மண்டபம்: 79 அடியா, 78 அடியா?

தென்முனையான்:
கன்னியாகுமரி காந்தி மண்டபத்தைப் பற்றிக் கணக்கன் என்பவர் இங்கே எழுதியதைப் படித்தபின் வாய்மூடி இருக்க முடியவில்லை. காந்தியின் 79 வயதைக் குறிக்கவே நடுக் கோபுரம் 79 அடிக்குக் கட்டப்பட்டது என்பதை "கழித்தல் தெரியாதவர்கள் கட்டி வைத்த பிழை" என்கிறார். அக்டோபர் 2 அன்று நண்பகலில் கூரைத் துளை வழியே அஸ்திக் கலசம் இருந்த இடத்தில் வெயில் விழுவதையும் "வழிகாட்டிகள் விற்கும் கதை" என்று தள்ளிவிடுகிறார். 1948 பிப்ரவரி 12 அன்று அஸ்தி எங்கள் கடலில் கரைக்கப்பட்டது. கரைப்பதற்கு முன் மக்கள் வணங்குவதற்காகக் கலசம் வைக்கப்பட்ட இடத்தில்தான் 1956இல் அந்த மண்டபம் எழுந்தது. நாடெங்கும் நாற்சந்திகளில் நிற்கும் காந்தி சிலைகளில் எத்தனைக்கு இப்படி ஒரு காரணம் உண்டு? சிறிய ஊர் என்பதால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார் போலும்.

கணக்கன்:
உங்கள் ஊரின் அளவைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. 1869 அக்டோபர் 2 அன்று பிறந்தவர் 1948 ஜனவரி 30 அன்று கொல்லப்பட்டார். அன்று அவருக்கு 78 வயது நிறைந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. இதில் 79 எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை சொல்லுங்கள். கலசம், கடல், கண்ணீர் எல்லாவற்றையும் பிறகு பார்ப்போம்.

நாஞ்சில் வாசகன்:
நிறைந்த வயது 78, நடக்கும் வயது 79. எந்தக் கணக்கில் பேசுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் இருவரும் வீட்டுக்குப் போய்விடலாமே அண்ணாச்சி?

தென்முனையான்:
வீட்டுக்குப் போக வேண்டியவர் நான் அல்ல. அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். கோபுரம் 79 அடி. வள்ளுவர் சிலையைப் பற்றிய விவாதத்தில் இதே கணக்கன், பீடம் 38 அடி என்பது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களையும், சிலை 95 அடி என்பது மற்ற இரண்டு பால்களின் 95 அதிகாரங்களையும் குறிப்பதாகப் பக்கம் பக்கமாக வியந்து எழுதினார். அந்தச் சிலை திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டில். அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் முன்பே எங்கள் ஊரில் ஒரு கட்டடத்தின் உயரத்துக்குப் பொருள் வைத்திருந்தார்கள் என்றால் மட்டும் அவருக்குக் கசக்கிறது.

கணக்கன்:
வியந்து எழுதினேன், மறுக்கவில்லை. அங்கே அதிகாரங்களை எண்ணிவிட்டுச் சிலை வைத்தார்கள். "நடக்கும் அதிகாரம்" என்று ஒன்றைச் சேர்த்து 134 அடிக்கு வைக்கவில்லை. வயது 78.

விண்ணோக்கி:
வெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ மூன்றரைப் பாகையில் இருக்கும். கன்னியாகுமரி அதே கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகையில் இருக்கிறது. ஆகவே உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்காமல் பதினொன்றரைப் பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். துளையை அந்தச் சாய்வுக்குப் பொருத்தி அமைத்தால் ஒளி குறித்த இடத்தில் விழும். இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. ஆனால் சூரியன் அதே இடத்துக்கு ஆண்டில் இன்னொரு முறையும் வரும், மார்ச் 11ஐ ஒட்டி. அன்றும் ஒளி அங்கேதான் விழ வேண்டும். கடிகாரமும் சரியாகப் பன்னிரண்டைக் காட்டாது: அக்டோபரில் உச்சிப்பொழுது 12.09 அளவிலும், மார்ச்சில் 12.30 அளவிலும் வரும்.

தென்முனையான்:
விண்ணோக்கிக்கு நன்றி. கதை என்று ஏளனம் செய்யப்பட்டது கணக்கின்படி நடக்கக்கூடியதே என்பதை நான் அழைக்காமலே வந்து சொல்லியிருக்கிறார். மார்ச் 11ஐ ஒட்டி என்றும் சொல்கிறார். தண்டி யாத்திரை புறப்பட்ட நாள் 1930 மார்ச் 12 என்பது இங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் மண்டபத்தில் பிறந்தநாளுக்கும் வெயில், உப்புக்கும் வெயில்!

விண்ணோக்கி:
நான் அப்படிச் சொல்லவில்லை. அது தற்செயல்.

கணக்கன்:
கேட்டது வயது, கிடைத்தது உப்பு. இவ்வளவு பெருமை பேசும் ஊர், 1925இல் காந்தி வந்தபோது, இங்கிலாந்து சென்றவர் என்ற காரணத்தால் அவரைப் பகவதியம்மன் கோயிலின் உட்பகுதிக்குள் விடவில்லை என்பதையும் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கலாமே.

தென்முனையான்:
தாராளமாக எழுதி வைக்கலாம். அதே பலகையில், கோயில்கள் அன்று சமஸ்தானத்தின் பிடியில் இருந்தன என்பதையும், 1936 நவம்பரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது என்பதையும், 1937இல் அதே காந்தி மீண்டும் வந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பாதியை மட்டும் எழுதுவது கணக்கனுக்கு வழக்கம், 79இல் ஒன்றைக் குறைத்தது போல.

வேணாட்டான்:
ஒரு சிறு திருத்தம். கட்டடம் எழும்பிய காலத்தில் அந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். "எங்கள்" என்னும்போது இதையும் நினைவில் கொள்வது நல்லது. தோற்றம்கூட நம் கோபுரங்களின் தோற்றம் அன்று. ஒரிசாக் கோயில்களின் பாணி.

தென்முனையான்:
இதைத்தான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தேன். அந்த மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணையக் கேட்டதற்காக, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் எங்கள் மக்களைச் சுட்டார்கள். அதைக் கடந்து வந்தவர்களிடம், இந்தக் கட்டடத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்க வருகிறீர்கள். பாணி ஒரிசாவாக இருந்தால் இருக்கட்டும், மண் எங்களுடையது.

வேணாட்டான்:
நான் கட்டடத்தைப் பற்றிப் பேசினேன், துப்பாக்கிச் சூட்டைப் பற்றி அல்ல. நீங்கள் எதற்கும் எதையோ பதிலாகத் தருகிறீர்கள்.

நாஞ்சில் வாசகன்:
மறுபடியும் கேட்கிறேன்: நடக்கும் வயதா, நிறைந்த வயதா?

கணக்கன்:
அது எனக்குத் தேவையில்லாத கேள்வி. இறந்த மனிதருக்கு வயது நடப்பதில்லை. 78.

தென்முனையான்:
79 அடியில் ஓர் அடியைக் குறைக்க வேண்டும் என்று விரும்புகிறவர் ஏணியோடு வரட்டும், பிடித்துக்கொள்ள நான் வருகிறேன். அதற்கு முன் வள்ளுவர் சிலை விவாதத்தில் நான் கேட்ட மூன்று கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. அவற்றுக்குக் கணக்கன் விடை சொல்லட்டும்.

கணக்கன்:
அந்த மூன்றில் இரண்டுக்கு அன்றே விடை எழுதிவிட்டேன். மூன்றாவது கேள்வியே அன்று, வசை. வயதுக்கு இன்னும் விடை வரவில்லை.

தென்முனையான்:
எந்த இரண்டுக்கு எழுதினீர்கள் என்று எண் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதையாவது சரியாக எண்ணுங்கள்.