ஸ்கோட்டஸின் கருத்துக்குக் 'காப்பு மீட்பு' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

இயேசுவின் தாய் மரியாளைப் பாவம் தொடாதபடி காத்ததும் கிறிஸ்து தந்த மீட்புதான் என்பது இடைக்கால இறையியலாளர் டன்ஸ் ஸ்கோட்டஸின் கருத்து. அதற்கு 'முன்மீட்பு', 'தடுப்பு மீட்பு' என இரண்டு சொற்கள் இங்கே வந்திருக்கின்றன. இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. 'காப்பு மீட்பு' என்று வைக்கலாம் என்கிறேன்.

அந்த வாதம் எந்த முடிச்சில் நின்றது என்று பார்த்தால் காரணம் புரியும். மரியாள் கருவான கணம் முதலே சென்மப் பாவம் (ஆதாம் வழியாக மனிதர் எல்லாருக்கும் பிறப்போடு வரும் பாவம்) இல்லாதவர் என்பதுதான் அமலோற்பவம். (இயேசு கன்னியிடம் பிறந்ததைச் சொல்வதாகப் பலர் இன்றும் நினைக்கிறார்கள், அது வேறு.) இதற்கான திருநாள் லியோன் நகரில் தொடங்கியபோது, 1140 வாக்கில், மரியாள் பக்திக்குப் பெயர்போன கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்டே எதிர்த்துக் கடிதம் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுப்பிய தடை இன்னும் வலுவானது. கறையே படாதவருக்கு மீட்பு எதற்கு? அப்படியானால் கிறிஸ்து எல்லாருக்கும் மீட்பர் என்பது என்னாகும்?

ஸ்கோட்டஸ் அந்தக் கவலையையே எடுத்துக்கொண்டு விடை சொன்னார். விழுந்தவரைத் தூக்கிவிடுவதைவிட விழாமலே பிடித்துக்கொள்வது பெரிய உதவி. ஆகவே மரியாளுக்கு மீட்பு தேவைப்படாமல் போகவில்லை. மற்ற எல்லாரையும்விட நிறைவாக மீட்கப்பட்டவர் அவர். எதிர்த்தரப்பின் கேள்வியைத் தள்ளிவிடாமல் உள்ளே வாங்கிக்கொண்டு ஒரு கோட்பாடு வளர்ந்ததற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது.

சரி, சொல்லுக்கு வருவோம். 'முன்மீட்பு' காலத்தை மட்டும் காட்டுகிறது. ஆபிரகாம் போல கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்தவர்களின் மீட்பையும் அப்படிச் சொல்லிவிடலாம். 'தடுப்பு மீட்பு' என்றால் மீட்பைத் தடுப்பது என்றும் படிக்க இடமிருக்கிறது. குழந்தைக்குக் கட்டும் காப்பு, நூல் முகப்பில் வரும் காப்புச் செய்யுள் இரண்டிலும் தீங்கு வருமுன் காத்தல் என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. அதற்காக 'பாவக் காப்பு' என்று சுருக்கிவிடக் கூடாது. 'மீட்பு' விடுபட்டால் அக்குவினாஸின் கேள்வி அப்படியே திரும்பி வந்துவிடும்.

அப்புறமும் சண்டை ஓயவில்லை. இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பதிதர் (திருச்சபைக் கொள்கைக்கு மாறானவர்) என்று சொல்லக் கூடாது என 1483இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் தடை போட வேண்டியிருந்தது. 1854இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அமலோற்பவத்தை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது, கிறிஸ்துவின் பேறுபலன்களை முன்னிட்டு மரியாள் பாவத்திலிருந்து காக்கப்பட்டார் என்றே சொன்னார். ஸ்கோட்டஸின் வழி அதில் தெளிவாகத் தெரிகிறது.

நமக்கெல்லாம் கிடைக்கும் மீட்பை இதிலிருந்து பிரித்துக்காட்ட 'விடுவிப்பு மீட்பு' என்று ஓர் இணைச்சொல்லும் வைத்துக்கொள்ளலாமா?