டெப்பல்: பூவிதழா, தோடா, பொதுவிதழா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

குழுவினருக்கு வணக்கம்.

இளநிலைத் தாவரவியல் மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மெய்ப்பு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். அதில் தாவர விளக்கவுரை எழுதும் பயிற்சிக்குப் பிகோனியா பொலிவியென்சிஸ் எடுத்துக்காட்டாக வைக்கப்பட்டுள்ளது. பொலிவியாவிலும் அர்ஜென்டினாவின் வடபகுதியிலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் இந்தக் கிழங்குச் செடியை 1859இல் அல்போன்ஸ் தெ கந்தோல் விவரித்துப் பெயரிட்டார். தண்டு வளைந்து தொங்குகிறது. ஈட்டி வடிவ இலையின் அடி ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருக்கிறது. ஆண்மலரும் பெண்மலரும் ஒரே செடியில் தனித்தனியாகப் பூக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பாடநூல்களில் சொல் உண்டு. ஓரில்லத் தாவரம், மஞ்சரி, சூலக மேல்மலர், அச்சுச் சூல் ஒட்டுமுறை என்று தடையின்றி எழுதிவந்தவன் டெப்பல் என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

ஆண்மலரில் நான்கு இதழ்கள். வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. பெண்மலரில் பொதுவாக ஐந்து. எல்லாமே செம்மஞ்சள் கலந்த சிவப்பு. இவற்றில் புல்லி இது, அல்லி இது என்று பிரிக்க இயலாது என்பதால்தான் தாவரவியலார் டெப்பல் என்கிறார்கள். நம் பாடநூல்கள் இதைப் பூவிதழ் என்கின்றன. ஆனால் கையேட்டில் வரும் ஒரு வாக்கியம், நாம் வழக்கமாகப் பூவின் இதழ் என்று சொல்வதைப் பிகோனியாவில் டெப்பல் என்று எழுத வேண்டும் என மாணவரை எச்சரிக்கிறது. பூவிதழ் என்ற சொல்லை வைத்தால் ‘பூவின் இதழைப் பூவிதழ் என்று எழுதுக’ என்றாகி, எச்சரிக்கையே காணாமற்போகிறது. ஒப்பிதழ், பொதுவிதழ் என இரண்டு சொற்கள் எனக்குத் தோன்றின. உங்கள் கருத்து வேண்டும்.

மடல் 2: தமிழாசிரியர்

ஒப்பிதழ் பொருந்தாது. பிகோனியாவின் ஆண்மலரில் வெளியிதழ்கள் பெரியவை, உள்ளிதழ்கள் சிறியவை என்பது பெரும்பாலான இனங்களில் காணும் இயல்பு. ஒவ்வாதவற்றை ஒப்பு என்று அழைப்பது எப்படி?

சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது என்பது என் கருத்து. தொல்காப்பிய மரபியல் புறக்காழ் (வெளிப்புற வயிரம்) உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் (உள்வயிரம்) உடையவற்றை மரம் என்றும் வகுத்து, ஒவ்வொன்றின் உறுப்புகளுக்கும் தனிப்பெயர்களை அடுக்குகிறது. தோடு, மடல், ஓலை, ஏடு, இதழ், பாளை ஆகியவை புல்லொடு வருவன. இலை, தளிர், முறி, தோடு, சினை, குழை ஆகியவை மரத்தொடு வருவன. நாம் எழுதும் மடலும் ஏடும் இதழும் முதற்பட்டியலிலிருந்து வந்தவை என்பது ஒருபுறம் இருக்கட்டும். இரண்டு பட்டியலிலும் இடம்பெறும் சொல் தோடு. இரு வகைக்கும் பொதுவாக நிற்கும் அந்தச் சொல்லைவிட, புல்லிக்கும் அல்லிக்கும் பொதுவாக நிற்கும் உறுப்புக்குத் தக்க பெயர் வேறு எது? சுடு என்பது சூடு என்றும் படு என்பது பாடு என்றும் முதனிலை நீண்டது போலத் தொடு என்பது தோடு ஆயிற்று என்று கொள்வேன். காம்பின் நுனியில் ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடுக்கப்பட்டது தோடு. தொகுதி என்ற பொருளும் அதற்கு அகராதியில் உண்டு. இதழ் என்ற பொருளில் சங்கப்பாடல்களில் இச்சொல் பயில்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் பொதுவிதழ் என்று ஒட்டுப்போடுவது தேவையற்றது.

மடல் 3: யாழ்ப்பாணத்துத் தாவரவியல் ஆசிரியை

ஐயா சொன்ன மரபியல் செய்தியை வகுப்பில் சொல்வேன். ஆனால் தோடு என்ற சொல்லை விடைத்தாளில் எழுதச் சொல்ல மாட்டேன். ‘தொங்கும் சிவந்த தோடுகள் நான்கு’ என்று படிக்கும் பிள்ளை காதணியைத்தான் நினைக்கும். ‘தோடுடைய செவியன்’ என்று பாடிப் பழகிய காதுக்கு வேறு எதுவும் கேட்காது.

டெப்பல் பிறந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். 1827இல் அதை உருவாக்கியவர் ஒகுஸ்தேன் தெ கந்தோல். நம் பொலிவியச் செடிக்குப் பெயரிட்ட அல்போன்சின் தந்தை. பிரெஞ்சு மொழியில் அல்லி இதழைக் குறிக்கும் பெட்டல் என்ற சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றி டெப்பல் என்றார். அதற்கு முன் 1790இல் நெக்கர் என்ற தாவரவியலார் புல்லி இதழுக்குச் செப்பல் என்ற சொல்லைப் புதிதாகச் செய்தார். ஆகவே மூலச்சொல்லில் ஆழ்ந்த வேர் எதுவும் இல்லை. பழைய விளக்கவுரைகள் பலவற்றில் பிகோனியாவின் வெளியிதழ்கள் செப்பல் என்றும் உள்ளிதழ்கள் பெட்டல் என்றுமே எழுதப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வளரும் பிகோனியா டைபெட்டாலாவின் பெயரிலேயே பெட்டல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் புதுச்சொல்லின் வேலை. பொதுவிதழ் அதைச் செய்கிறது.

மற்றொன்று. மெய்ப்பில் பிகோனியாவைப் பேரினம் என்றும் பொலிவியென்சிசைச் சிற்றினம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடநூல்களில் அவை சாதி, இனம். பூசணியும் பாகலும் பிகோனியாவும் சேர்ந்திருக்கும் துறை என்ற வகைப்பாட்டு அலகை நாங்கள் வருணம் என்போம். இரு நாட்டு மாணவரும் படிக்கும் நூல் என்றால் இதையும் கருத வேண்டும்.

மடல் 4: மொழிபெயர்ப்பாளர்

அம்மையீர், சாதி, வருணம் என்ற சொற்களைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் வைப்பதற்கு என் மனம் இடம் தரவில்லை. காரணத்தை விளக்க வேண்டியதில்லை என நினைக்கிறேன். பின்னிணைப்பில் இரு வழக்கையும் எதிரெதிரே தருகிறேன். 2,000க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பிகோனியாவை 2018இல் வெளியான வகைப்பாடு 70 ‘செக்‌ஷன்’களாகப் பகுத்தது. அதற்கு உட்பிரிவு என்று எழுதியுள்ளேன். பிரிவு என்ற சொல் மேல்நிலை வகைப்பாட்டுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

எழுத்தை இடம் மாற்றித் தமிழிலும் ஒரு சொல் செய்யலாமா என்று ஓர் ஆசை எழுகிறது. விசிறி சிவிறி ஆனதையும் தசை சதை ஆனதையும் நம் இலக்கணம் ஏற்கிறதே?

மடல் 5: தமிழாசிரியர்

ஏற்கிறது, ஆனால் அந்த ஏற்பின் எல்லையைக் கவனிக்க வேண்டும். எழுத்து நிலைமாறினாலும் பொருள் மாறவில்லை. விசிறியும் சிவிறியும் ஒன்றே, ஞிமிறும் மிஞிறும் ஒன்றே. பேச்சில் தானே நேர்ந்த மாற்றம் அது. பொருளை வேறுபடுத்துவதற்காக எழுத்தைக் கலைப்பது தமிழின் இயல்பன்று. இதழைத் தலைகீழாக்கினால் கிடைப்பது ஒலி, சொல் அன்று.

பொதுவிதழைப் பற்றி இன்னொரு தடை சொல்கிறேன். இதழ் என்றால் இன்று பத்திரிகை. துறைசாரா ஏட்டைப் பொது இதழ் என்று நாள்தோறும் எழுதுகிறோம். தோடு காதணியை நினைவூட்டும் என்பது குறையானால் இதுவும் குறையே.

மடல் 6: யாழ்ப்பாணத்துத் தாவரவியல் ஆசிரியை

குறைதான், ஆனால் ஒரே அளவுக் குறை அன்று. அல்லி இதழ், புல்லி இதழ் என்று படித்துவரும் மாணவருக்கு மூன்றாவதாகப் பொதுவிதழ் வந்தால் அதன் இடம் தானே விளங்கும். பூவைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். பெண்மலரைத் திருப்பினால் இதழ்களுக்குப் பின்னால் சிறகு முளைத்த சூற்பை தெரியும். முன்னால் முறுக்கிய மஞ்சள் சூல்முடிகள், தொலைவிலிருந்து பார்த்தால் ஆண்மலரின் மகரந்தத்தாள்கள் என்றே தோன்றும். மகரந்தம் தேடி வரும் பூச்சியைப் பல பிகோனியாக்கள் இப்படித்தான் ஏமாற்றுகின்றன. இத்தனையையும் ஒரு மணி நேர வகுப்பில் காட்ட வேண்டிய ஆசிரியர், தோட்டின் வரலாற்றுக்கு எங்கே நேரம் ஒதுக்குவார்?

மடல் 7: மொழிபெயர்ப்பாளர்

நேற்றிரவு வரை வந்த தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பான்மையோர் பொதுவிதழ் பக்கம். சிலர் பாடநூற்சொல்லை மாற்றவே கூடாது என்கிறார்கள். டெப்பல் என்றே விட்டுவிடலாம் என்றும் குரல் உண்டு. அச்சகம் காத்திருப்பதால் பின்வருமாறு அனுப்புகிறேன்:

‘ஆண்மலர்: பொதுவிதழ்கள் நான்கு, வெளி இரண்டு, உள் இரண்டு, செம்மஞ்சள் கலந்த சிவப்பு. பெண்மலர்: பொதுவிதழ்கள் ஐந்து; சூற்பை கீழ்மட்டம், மூவறை, சிறகுகளுடையது; கனி உலர் வெடிகனி; விதைகள் தூள் போன்றவை.’

முதல் இடத்தில் மட்டும் ‘பாடநூல் வழக்கு: பூவிதழ்’ என்று அடிக்குறிப்பு வரும்.

மடல் 8: தமிழாசிரியர்

அச்சுக்கு அனுப்புங்கள், உங்கள் வேலையை நான் தடுக்கவில்லை. என் மறுப்பு மட்டும் குழுவின் பதிவில் இருக்கட்டும். பொதுவிதழ் என்பது சொல்லாகாது, விளக்கமே. இரண்டு சொல்லை ஒட்டியதால் அதிலிருந்து மேற்கொண்டு சொல் பிறப்பிப்பது கடினம். டெப்பல் போன்ற, டெப்பல் அற்ற, டெப்பல்கள் இணைந்த என்றெல்லாம் அடுத்த அதிகாரத்தில் வரும்போது பொதுவிதழற்ற, இணைந்த பொதுவிதழுடைய என்று நீட்டிக்கொண்டே போவீர்கள். தோட்டிலி, இணைதோடு என்று இரண்டே சொல்லில் அவற்றை முடிக்கலாம். அடிக்குறிப்பில் பாடநூல் வழக்குக்குப் பக்கத்தில் ‘பழவழக்கு: தோடு’ என்று சேர்க்க இடமிருந்தால் சேருங்கள். இல்லையென்றால் அடுத்த பதிப்பில் கேட்பேன்.