அம்மாவோட மறதி மாத்திரையும் யூரின் மாத்திரையும் சேர்த்துக் குடுக்கலாமா?

நெல்லை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 74, அல்சைமர் மறதி நோய்னு சொல்லி போன வருஷத்துல இருந்து டோனெபெசில்ங்கிற மாத்திரை 5 எம்ஜி, அப்புறம் 10 ஆக்கிட்டாங்க. வீட்ல அப்பாவும் அவங்களும் மட்டும்தான், மாத்திரை எடுத்துக் குடுக்கிறது அப்பா, அவருக்கே 80. நான் சென்னையில இருக்கேன். ரெண்டு மாசமா அம்மாவுக்கு அடிக்கடி யூரின் வருது, அடக்க முடியல, பக்கத்துல ஒரு டாக்டர் ஆக்சிபியூட்டினின் எழுதிக் குடுத்தார். அதுக்கப்புறம் சாயந்திரம் ஆனா சொந்த வீட்லயே உக்காந்துக்கிட்டு "வீட்டுக்குப் போலாம் வா"ன்னு அழுறாங்க. போன வாரம் ஊருக்குப் போய் தாளிக்கலாம்னு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தா கடுகுக்குள்ள டோனெபெசில் மாத்திரை, எண்ணிப் பாத்தேன், 14. பாதி கரைஞ்சு கடுகுல ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன். யூரின் மாத்திரையை நிறுத்தணுமா, வியாதிதான் முத்திடுச்சா, யாராவது சொல்லுங்க.

மருந்துக்கடை அண்ணன்:
தங்கச்சி, 22 வருஷமா கடையில நிக்கிறேன், இந்த ஜோடியை நிறைய சீட்டுல பாத்திருக்கேன். டோனெபெசில் மூளையில ஞாபகத்துக்கு உதவுற அசிடைல்கோலின்ங்கிற பொருளைக் கூட்டி வைக்கும், ஆக்சிபியூட்டினின் அதே பொருளோட வேலையைத் தடுக்கும். ஒரு பக்கம் தண்ணி ஊத்த ஊத்த இன்னொரு பக்கம் இறைச்சு வெளிய கொட்டுற கதை. வயசானவங்களுக்கு இந்த மாத்திரையாலயே குழப்பம் வரும். இன்னொண்ணு, யூரின் அடக்க முடியாம போறது டோனெபெசிலோட பக்கவிளைவாவும் இருக்கலாம், ஒரு மருந்தோட விளைவுக்கு இன்னொரு மருந்து எழுதுறது இப்படித்தான் நடக்குது. முதல்ல யூரின் டெஸ்ட் எடுங்க, இன்ஃபெக்‌ஷன் இருந்தாலும் பெரியவங்களுக்கு திடீர்னு குழப்பம் கூடும். நீங்களா எதையும் நிறுத்த வேண்டாம், எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு நியூராலஜி டாக்டர்கிட்ட காட்டுங்க. சளிக்குக் குடுக்கிற குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் இருந்தா அதையும் சொல்லுங்க, ரெண்டும் ஆக்சிபியூட்டினின் மாதிரி அசிடைல்கோலினைத் தடுக்கிற வகைதான்.

கோவை ஆச்சி பேரன்:
கடுகு டப்பா விஷயத்தை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க அக்கா. சொல்லலைன்னா மாத்திரை வேலை செய்யலைன்னு நெனச்சு மருந்தையே மாத்திடுவாங்க. தொடர்ந்து பல நாள் விட்டுப் போயிருந்தா பழையபடி 10ல ஆரம்பிக்கலாமான்னும் கேளுங்க, திடீர்னு முழு டோஸ் போட்டா வாந்தி பேதி வரலாம். எங்க ஆச்சி மாத்திரையைத் துப்பிடுவாங்கன்னு டோனெபெசில் மாதிரியே வேலை செய்யுற ரிவாஸ்டிக்மின் மருந்தைத் தோல்ல ஒட்டுற பேட்ச்சா குடுத்தாங்க. அதுலயும் ஒரு ஆபத்து இருக்கு, தினமும் பழசை உரிச்சிட்டுத்தான் புதுசு ஒட்டணும். எங்க சித்தி பழசை எடுக்காமலே ஒட்டிட்டாங்க, குளிப்பாட்டும்போது பாத்தா முதுகுல மூணு, ஆச்சி ரெண்டு நாளா வாந்தி, பல்ஸும் ரொம்ப கம்மி, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்ப பேட்ச் மேலயே பேனாவுல தேதி எழுதித்தான் ஒட்டுறோம்.

திருச்சி அக்கா:
அப்பாவைத் திட்டிடாதீங்கம்மா, 80 வயசுல அவர் தனியா இவ்வளவு பாக்கிறதே பெருசு. தினமும் மாத்திரை நேரத்துக்கு ஒரு வீடியோ கால் போடுங்க, முழுங்கித் தண்ணி குடிக்கிற வரைக்கும் பாருங்க. ராத்திரி கெட்ட கனவு வந்து எந்திரிக்கிறாங்கன்னா டோனெபெசிலைக் காலையில குடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, எங்க மாமனாருக்கு மாத்தினதும் தூங்கினார். இந்த மருந்து வியாதியைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்க வைக்கும், அவ்வளவுதான், அதனால அம்மா அழுறப்ப "இதுதான் நம்ம வீடு"ன்னு வாதாடாம ஒரு காபி குடுத்துக் கையைப் பிடிச்சுக்கச் சொல்லுங்க.

நெல்லை மகள்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். டெஸ்ட்ல இன்ஃபெக்‌ஷன் இருந்துச்சு, அஞ்சு நாள் ஆன்டிபயாடிக். டாக்டர் ஆக்சிபியூட்டினினை நிறுத்திட்டார், டோனெபெசில் மறுபடி 5ல இருந்து, காலையில. நேத்து சாயந்திரம் அழுகை கொஞ்சம் கம்மி, ராத்திரி சாப்பிட்டதும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. மாத்திரை அட்டை இப்ப அப்பாவோட சட்டைப் பையில, அம்மா இன்னும் கடுகு டப்பாவைத் திறந்து திறந்து பாக்கிறாங்க.