கட்டியைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை: குடல் ஸ்கோப் அனுபவங்கள்

சுங்கை சிப்புட் வாசி

சென்ற ஆண்டு என் பெருங்குடலின் வலப்பக்கம் இருந்த 3 சென்டிமீட்டர் தட்டைக் கட்டியை, வயிற்றைக் கிழிக்காமல், கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியே செலுத்தும் கேமராக் குழாய்) வழியாகவே ஒரே துண்டாக எடுத்தார்கள். நல்லபடியாகத்தான் முடிந்தது, என் குறை அதுவன்று. மயக்கம் அரைகுறையாக இருந்ததால் திரையைப் பார்த்தபடியே கிடந்தேன். நீலத் திரவத்தை அடியில் செலுத்தியதும் கட்டி உப்பி எழுந்தது, கத்தி அதன் ஓரத்தைக் கீறியது. ஆனால் கீறிய ஓரம் விலகாமல், நனைந்த துணிபோலக் கத்தியின் மேலேயே வந்து படுத்துக்கொண்டது. மருத்துவர் முனையை நுழைப்பார், நான் மூச்சு விடுவேன், காட்சி நழுவும், மறுபடி நுழைப்பார். வெகுநேரம் கழித்துத்தான் ஒரு கிளிப்பால் ஓரத்தைக் கவ்வி, ரப்பர் வளையம் ஒன்றால் எதிர்ச்சுவரோடு பிணைத்தார்கள். அடிப்பகுதி முழுவதும் நீலமாகத் திறந்துகொண்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா, மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவுவார். ஆனால் அவருடைய மரம் மூச்சு விட்டதில்லை. அந்த வளையத்தை முதலிலேயே மாட்டியிருக்கலாமே என்பதுதான் இன்னும் என்னை அரிக்கிறது.

ஓய்வு பெற்ற தாதி

தம்பி, எடுத்த எடுப்பில் மாட்ட முடியாது. ஓரத்தைக் கீறி, கிளிப் கவ்வுவதற்குச் சிறு மடலாவது உண்டான பிறகுதான் இழுவைக்கு, அதாவது மடலை இழுத்துப் பிடிப்பதற்கு, வழி. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் ஒரு கை பிடிக்கும், ஒரு கை வெட்டும். இங்கே மருத்துவரின் இடக்கை ஸ்கோப்பின் முனையை வளைக்கும் சக்கரங்களைத் திருப்புகிறது, வலக்கை குழாயைப் பிடிக்கிறது, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலமுள்ள உள்வழியில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் போகும். எங்கள் அறைக்கு அப்போது வளையம் வரவில்லை, நூல்தான். ஸ்கோப்பை முழுவதும் வெளியே எடுத்து, கிளிப்பில் நூலைக் கட்டி, மறுபடி உள்ளே செலுத்த வேண்டும். ஒருநாள் நூலின் நுனி என் கையில் இருந்தது. "மெதுவாக" என்றார் மருத்துவர். மெதுவாக என்று நினைத்துத்தான் இழுத்தேன். கிளிப் சதைத் துணுக்கோடு பிய்ந்து வந்துவிட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தக் கிளிப் திரையில் தனியே ஆடிய காட்சி பத்து ஆண்டுகளாகியும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

மருத்துவத் துறைக்காரன்

வளையமும் நூலுமே எல்லாம் என்பதுபோல இருவரும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் அம்மாவுக்கு இரண்டும் இல்லை. படுக்கையில் புரட்டிப் படுக்கவைத்தே முடித்தார்கள். கட்டி மேற்புறம் வரும்படி படுத்தால், கீறிய மடல் தன் எடையாலேயே கீழே தொங்கும், நீரும் இரத்தமும் எதிர்ப்பக்கம் ஒதுங்கும். அதைவிட முக்கியமானது குழாயின் சுருள். இடப்பக்க வளைவில் ஸ்கோப் சுருண்டிருந்தால், வெளியிலிருந்து உள்ளே தள்ளும்போது முனை அசையாது, சில வேளைகளில் பின்வாங்கவும் செய்யும். ஆகவே பின்னிழுத்து, வலப்புறமாகத் திருகி நேராக்கிய பிறகே கத்தியை எடுக்க வேண்டும், அதுவும் முடியாவிட்டால் பலூன் பொருத்திய மேலுறைக் குழாயால் நிலைநிறுத்த வேண்டும். கட்டியை இப்படி அடியிலிருந்து கத்தியால் பிரித்து ஒரே துண்டாக எடுக்கும் முறை 1990களில் ஜப்பானில் இரைப்பைக்காகவே முதலில் வளர்ந்தது. குடலின் சுவர் இரைப்பையைவிட மெல்லியது என்பதால், கத்தி தசைக்கு இணையாக ஓட வேண்டுமேயன்றி அதை நோக்கிக் குத்தக் கூடாது. வளையம் மாட்டினாலும், குடலை விரிக்கச் செலுத்தும் வாயுவின் அளவில் கண் இருக்க வேண்டும்: குடல் விரிந்தால் எதிர்ச்சுவர் விலகி இழுவை கூடும், உறிஞ்சினால் தளரும். காற்றுக்குப் பதில் கரியமில வாயு செலுத்துவார்களா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அது விரைவில் உடலால் உறிஞ்சப்படுவதால் பின்னர் வயிறு அவ்வளவாக உப்பாது.

ஓய்வு பெற்ற தாதி

ஐயா, நூலே எல்லாம் என்று நான் எங்கும் எழுதவில்லை. என் கை செய்த பிழையைத்தான் எழுதினேன்.

சுங்கை சிப்புட் வாசி

அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் நினைவு வருகிறது: வளையம் மாட்டுவதற்குச் சற்று முன்பு, இடப்பக்கம் படுத்திருந்த என்னை இருவர் சேர்ந்து மல்லாக்கத் திருப்பினார்கள்.