ஓட்டப் பிள்ளைகளின் வைட்டமின் மாத்திரைகள்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். திருச்சியில் மாநில, தேசிய அளவில் ஓடும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். அவர்கள் பையைத் திறந்தால் மல்டிவைட்டமின், துத்தநாகம், மெக்னீசியம், ஏதோ ஒரு பொடி என்று நாலைந்து டப்பா இருக்கிறது. எதற்கு என்று கேட்டால், "சீனியர் அக்கா சொன்னாங்க சார்" என்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

கொழுப்பில் கரையும் ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறினால் உடம்பிலேயே தங்கிவிடும். அப்புறம் ஊக்கமருந்து விவகாரம், என் பெரிய கவலை அதுதான். டப்பாவில் அச்சிடாத தடைசெய்த பொருள் கலந்திருந்து சோதனையில் சிக்கினாலும், 'வாடா' (WADA, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) விதிப்படி பொறுப்பு ஓடுகிறவர் தலையில்தான். தெரியாமல் சாப்பிட்டதாக நிரூபித்தால் தடைக்காலம் குறையலாம். அந்தப் போட்டியில் வாங்கிய பதக்கம் போனது போனதுதான்.

ஒரு பெண்ணுக்கு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்) குறைவு என்று ரிப்போர்ட் வந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தாள். டீ இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. பாவம்.

திருச்சி, மதுரை பக்கம் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர் யாரையாவது தெரியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து பேசினால் போதும், வந்துபோகும் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். தடைசெய்த பொருள் கலந்திருக்கிறதா என்று பேட்ச் வாரியாகச் சோதித்து 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' முத்திரை பெற்ற பொருட்கள் இங்கே எந்தக் கடையில் நம்பி வாங்கலாம்? தமிழில் எளிய கையேடு இருந்தாலும் கமெண்டில் போடுங்கள், அச்செடுத்துப் பெற்றோருக்கும் கொடுத்துவிடுவேன்.