மறு: ஃபார்வர்ட் பாஸ் – 'முன்னெறி'யா, 'முன்வீச்சா'?

வணக்கம் ஐயா,

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையால் முன்னோக்கி எறிவதைச் சொல்லும் 'ஃபார்வர்ட் பாஸ்' என்பதற்கு நீங்கள் தந்த 'முன்னெறி' சுருக்கமான சொல். நேற்றே ஏற்றுக்கொள்ளத்தான் நினைத்தேன். அமெரிக்க ராணுவத்தின் வெஸ்ட் பாயின்ட் படைப்பள்ளி அணியின் 1913 பருவம் பற்றிய கட்டுரையில் அதைப் போட்டுப் படித்ததும் இடறியது. "நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னெறி ராணுவ அணியைத் திணறடித்தது" என்ற வரியைப் பார்த்துவிட்டு, "முற்காலத்து வழிமுறையா?" என்று கேட்டார் என் துணைவியார். அவர் கேட்டதில் தப்பில்லை. முன் + எறி என்றாலும் முன்னெறிதான், முன் + நெறி என்றாலும் முன்னெறிதான். அன்று களத்தில் நடந்ததோ புத்தம்புது முறை!

ரக்பியில் பந்தை முன்னோக்கி எறிவது இன்றும் குற்றம். அமெரிக்கக் கால்பந்திலும் 1906 வரை அப்படித்தான். 1905இல் ஆட்டக்களத்திலேயே இளைஞர்கள் உயிரிழந்து கண்டனம் எழுந்த பிறகுதான், மோதலைக் குறைக்க, அதை அனுமதித்தார்கள். 20 யார்டுக்கு மேல் வீசக் கூடாது என்று பின்னால் போட்ட வரம்பும் 1912இல் நீங்கியது. மறு ஆண்டு நவம்பர் 1 அன்று, வெஸ்ட் பாயின்ட்டிலேயே, நோட்டர் டேமின் கஸ் டொரே எதிராளிகளின் தலைக்கு மேலாகப் பந்தை நெடுந்தூரம் வீசினார். அவருடைய சக வீரர் நூட் ராக்னே நின்று வாங்கவில்லை. ஓட்டம் குறையாமல், வந்து விழும் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டே ஓடினார். இடைவேளையில் நோட்டர் டேம் 14–13 என்று முன்னணியில் இருந்த ஆட்டம் 35–13இல் முடிந்தது. ராணுவ அணி அந்தப் பருவத்தில் தோற்றது இந்த ஒரே ஆட்டம்தான். மற்ற எட்டிலும் வெற்றி. தோற்ற பாடத்தை அவர்கள் வீணாக்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அதே மாதக் கடைசியில் பிரிச்சர்ட் வீச, மெரிலட் பிடிக்க, கடற்படை அணியை 22–9 என்று வென்றார்கள்.

ஆகவே சொல்லில் திசையும் வேண்டும், கையால் விடுவதும் தெரிய வேண்டும். 'முன்கடத்தல்' என்று அம்மையார் ஒருவர் எழுதியிருந்தார். கடத்தல் காலாலும் நடக்கும். கால்பந்துச் செய்திகளில் அந்தப் பொருளில் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. 'முன்னனுப்பு' மின்னஞ்சலுக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை 'முன்வீச்சு'. 'பந்துவீச்சு' கிரிக்கெட்டை நினைவூட்டுமே என்பீர்கள். நினைவூட்டட்டும், கையிலிருந்து பந்து பறப்பது அந்த ஒரு சொல்லிலேயே கண்முன் வந்துவிடுகிறது. 'முன்வீசினார்' என்று வினையாகவும் தடையின்றி வரும். பக்கவாட்டில் கொடுப்பது பக்கவீச்சு, பின்னால் கொடுப்பது பின்வீச்சு. இப்படிக் குடும்பமாகப் பெருகும் சொல்தான் நிலைக்கும்.

யார் கைக்கும் சிக்காமல் தரையில் விழும் பாஸை இப்போதைக்கு 'பிடிபடா வீச்சு' என்று எழுதி வைத்திருக்கிறேன். 'தவறிய வீச்சு' என்றால் வீசியவர் மேல் பழி விழுகிறது. பிடிக்க வேண்டியவர் நழுவவிட்டதாகவும் இருக்கலாமே. இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா, கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.